மணிலாவில் ஒரு 'பும்பாய்'

பம்பாய் என்ற பெயரைப் பம்பாயே விட்டுவிட்டது. 1995-ம் ஆண்டு முதல் அது மும்பை. ஆனால் இங்கிருந்து சுமார் 5,000 கிலோ மீட்டர் கிழக்கே, பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலாவின் சந்துபொந்துகளில் அந்தப் பழைய பெயர் இன்றும் நாள்தோறும் ஒலிக்கிறது. அங்கே இந்தியர் என்றால் 'பும்பாய்'. பஞ்சாபியானாலும் பும்பாய், சிந்தியானாலும் பும்பாய், பாளையங்கோட்டைக்காரரானாலும் பும்பாய்தான்.

மாதுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் 2019 முதல் மணிலாவில் கணக்கு வேலை பார்த்து வருகிறார். விடுமுறையில் மும்பை வந்திருந்த அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்கே இருந்தவரை என்னை மதராசி என்றார்கள். திருநெல்வேலிக்குப் போனால் பம்பாய்க்காரர் என்றார்கள். மணிலாவுக்குப் போன பிறகு நான் பம்பாய்க்காரன்கூட இல்லை. பம்பாயே நான்தான்!"

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. ஜனத்தொகை 11 கோடிக்கு மேல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின்காரன் ஆண்டான். 1898-ல் அமெரிக்கன் வந்தான். 1946-ல் சுதந்திரம். ஸ்பானியன் கொடுத்தது கத்தோலிக்க மதம், அமெரிக்கன் கொடுத்தது இங்கிலீஷ். அந்த இங்கிலீஷை வைத்துத்தான் இன்று 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டுக் கம்பெனிகளின் டெலிபோன் வேலையும் கணக்கு வேலையும் செய்து பிழைக்கிறார்கள். அமெரிக்காவில் பகல் என்றால் மணிலாவில் இரவு. ஆகவே ஆபீசும் இரவில்தான். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்து அந்தத் தமிழர் முதலில் திகைத்துப் போனாராம். பிறகு புரிந்தது: அவர்களுக்கு அது மாலை நேரம்!

அவருக்கும் இரவு வேலைதான். மண்டலூயோங் என்ற பகுதியில் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். பாட்டியை அங்கே 'லோலா' என்கிறார்கள். வீட்டில் லோலாவும் ஒரு பேரனும் மட்டும். பேரனின் தாய் குவைத்தில். அவர் கதை பின்னால் வருகிறது.

தமிழர் அறை கேட்டுப் போனபோது லோலா கேட்ட முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. "நீ வட்டிக்கு விடுகிறவனா?" என்பதுதான். இல்லை, மாதச் சம்பளக்காரன் என்று ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிய பிறகே சாவி கைக்கு வந்தது.

ஐந்துக்கு ஆறு

லோலா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்ஸில் 'பும்பாய்' என்ற சொல்லுக்கு வட்டிக்காரன் என்றும் அர்த்தம். பஞ்சாபிலிருந்து பல காலம் முன்பே அங்கு குடியேறியவர்கள் கொசுவலை, குடை, போர்வை, மின்விசிறி ஆகியவற்றைத் தவணைக்கு விற்றார்கள். தவணை வசூலிக்கத் தெருத்தெருவாகப் போனவர்கள் பிறகு ரொக்கத்தையே கடனாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தத் தொழிலுக்கு 'ஃபைவ் சிக்ஸ்' என்று பெயர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும். ஆயிரம் பெசோ வாங்கியவர் 1,200 பெசோவைத் தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கிறார். தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் தண்டல் கட்டிப் பழகியவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. மீன் விற்கும் பெண்ணுக்கு எந்த பாங்கும் கடன் தராது. பும்பாய் தருவார். பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் தலைப்பாகையோடு காலையில் வருகிறார், மாலையில் வசூலித்துப் போகிறார். 2017 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி டுடெர்டே, ஐந்துக்கு ஆறு வட்டிக்காரர்களைக் கைது செய்து நாடு கடத்துங்கள் என்று உத்தரவிட்டார். குறைந்த வட்டிக்கு அரசே கடன் கொடுக்கும் திட்டம் ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. ஆனாலும் மோட்டார் சைக்கிள்கள் ஓயவில்லை. வசூல் பணத்துக்காக இந்தியர்கள் வழியில் சுட்டுக் கொல்லப்படுவதும் அவ்வப்போது பத்திரிகையில் வருகிற செய்திதான். கடன் வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை, கொடுத்தவருக்கும் இல்லை.

குழந்தை சாப்பிட மறுத்தால் நம் வீடுகளில் பூச்சாண்டியைக் கூப்பிடுவார்கள். மணிலாவில் "பும்பாய் வந்து மூட்டையில் போட்டுக்கொண்டு போய்விடுவான்" என்பார்கள். தமிழர் குடிவந்த முதல் வாரம் லோலாவின் பேரன் அவரைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டானாம். இப்போது 'தித்தோ' என்று கூப்பிட்டுக்கொண்டு தோளில் தொங்குகிறான். தித்தோ என்றால் மாமா.

வெங்காயமும் பும்பாய்தான்

மனிதருக்கு மட்டுமல்ல, வெங்காயத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. சின்ன வெங்காயம் 'சிபுயாஸ் தகலோக்', அதாவது உள்ளூர் வெங்காயம். பெரிய வெங்காயம் 'சிபுயாஸ் பும்பாய்'. நம் ஊரில் பெரிய வெங்காயத்தைப் பெல்லாரி என்பதில்லையா, அது மாதிரி.

2022 டிசம்பர் கடைசியிலும் 2023 ஜனவரியிலும் அந்த நாட்டில் வெங்காயம் கிலோ 700 பெசோவை எட்டியது. ஒரு பெசோ சுமார் ஒன்றரை ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிலோ ஆயிரம் ரூபாய்! மணிலாவில் அப்போது சட்டப்படி குறைந்தபட்ச தினக்கூலி 570 பெசோ. ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் ஒரு கிலோ வெங்காயம் கிடையாது. அரபு நாடுகளிலிருந்து திரும்பிய விமானச் சிப்பந்திகள் பத்துப் பேர் பெட்டியில் வெங்காயம் கொண்டுவந்து சுங்க இலாகாவிடம் பிடிபட்டார்கள். இலோயிலோ நகரில் ஒரு மணப்பெண் கல்யாணத்துக்குப் பூச்செண்டுக்குப் பதில் வெங்காயச் செண்டு பிடித்து நின்றாள். அப்போது விவசாய மந்திரி பதவியையும் ஜனாதிபதியே வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே கேலியெல்லாம் நேரே அவருக்குப் போயிற்று. பிறகு அவசரமாக 21,000 டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் உள்ளூர் அறுவடை வந்துவிட்டது. இனி எங்களுக்கு விலை விழுமே என்று விவசாயிகள் புலம்பினார்கள். 1998-ல் வெங்காய விலையால் டில்லியில் ஆட்சியே போனதைப் பார்த்த நமக்கு இதெல்லாம் எங்கோ கேட்ட கதையாகத் தோன்றும்.

தெருமுனையில் 'சாரி சாரி' கடை என்று ஒன்று உண்டு. வீட்டுத் திண்ணையில் கம்பி வலை அடித்து, அதன் ஓட்டை வழியாகச் சாமான் கொடுக்கும் பெட்டிக்கடை. எல்லாம் சில்லறைதான். ஒரு சிகரெட், ஒரு பல் பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு தலைக்கு ஷாம்பு. கையில் அன்றைக்கு உள்ள காசுக்கு அன்றைய சாமான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அவர்களுக்கும் தெரியும், மொத்தமாகக் காசு வேண்டுமே! கடன் நோட்டும் உண்டு. அந்த ஜனவரியில் கடைக்காரப் பெண்மணி ஒரு வெங்காயத்தை நான்காக வெட்டி விற்றாள். கால் வெங்காயத்தைத் தமிழர் கையில் கொடுத்துவிட்டு, "உன் பேர் கொண்டது, நீயே விலையைக் குறைக்கக் கூடாதா?" என்றாளாம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவருக்கு அங்கே பெரிய கஷ்டமில்லை, மாமிசம் சாப்பிடுகிறவராக இருந்தால். மூன்று வேளையும் சோறுதான். 'சினிகாங்' என்று ஒரு புளிக்குழம்பு. குடித்தால் ரசம் மாதிரி இருக்கும், அடியில் துழாவினால் பன்றிக்கறி வரும்! கருவாட்டை எண்ணெயில் பொரித்துக் காலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். 'மலுங்காய்' என்று ஒரு கீரை விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் நம் முருங்கை. மணிலாப் பக்கத்தில் கீரையைத்தான் உண்கிறார்கள், காயை அவ்வளவாகத் தொடுவதில்லை. முருங்கைக்காய் சாம்பாருக்கு ஏங்கிப்போன தமிழர், பக்கத்து வீட்டு மரத்தில் தொங்கிய காய்களைக் கேட்டு வாங்கினாராம். இதையா தின்னப்போகிறாய் என்று அந்த வீட்டுக்காரர் இரக்கத்தோடு பார்த்தாராம்.

அரிசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் வயல் உள்ளவர்கள் ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 என்ற பெயர்களை மறந்திருக்க மாட்டார்கள். அந்த 'ஐ.ஆர்.' பிறந்த இடம் மணிலாவுக்குத் தெற்கே உள்ள லோஸ் பானியோஸ். 1960-ல் அங்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1966-ல் ஐ.ஆர். 8 வெளியாயிற்று. நம் ஊர் வயிற்றை நிரப்பிய விதை அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த நாடோ 2023-லும் 2024-லும் உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடு! கிலோ அரிசி 20 பெசோவுக்குத் தருவேன் என்று 2022 தேர்தலில் மார்கோஸ் வாக்குறுதி கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து, 2025 மே மாதத்தில்தான் சில இடங்களில் ஏழைகளுக்கு அந்த விலையில் விற்கத் தொடங்கினார்கள்.

கை மாறும் கட்டணம்

மணிலாவில் ஏழைகளின் வாகனம் ஜீப்னி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, இரண்டு பக்கமும் நீளப் பலகை வைத்து வண்டியாக்கினார்கள். கண்டக்டர் கிடையாது. பின்னால் ஏறியவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்கிறார். அது கை கையாக டிரைவரிடம் போய், பாக்கிச் சில்லறை அதே வழியில் கை கையாகத் திரும்பி வருகிறது. "பாயாத் போ" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பாயாத் என்றால் கட்டணம். 'போ' என்பது மரியாதை ஒட்டு, நம் 'ங்க' மாதிரி. ஆறு ஆண்டில் தம் சில்லறை ஒரு தடவைகூடக் குறைந்து வந்ததில்லை என்கிறார் தமிழர். இந்தப் பழைய வண்டிகளை ஒழித்துப் புதுவண்டி வாங்கச் சொல்லி அரசு 2017-ல் திட்டம் கொண்டுவந்தது. புதுவண்டியின் விலை டிரைவர்களுக்கு மலைப்பாக இருந்தது. அதன்பின் வேலைநிறுத்தங்கள் பல நடந்தன.

ரெயிலின் கதை கொஞ்சம் சோகமானது. 1892-லேயே மணிலாவிலிருந்து வடக்கே தகுபான் வரை வெள்ளைக்காரக் கம்பெனி ரெயில் விட்டது. 3 அடி 6 அங்குலப் பாதை, நம் மீட்டர் கேஜைவிட ஒரு பிடி அகலம். தெற்கே லெகாஸ்பி வரையும் பின்னர் வண்டி போயிற்று. யுத்தம், புயல், கவனக்குறைவு எல்லாம் சேர்ந்து பாதையைத் தின்றன. பழைய பெரிய ஸ்டேஷனான துதுபான் இன்று துணிக்கடைகள் நிறைந்த வணிக வளாகம். தலைநகருக்குள் ஓடிக்கொண்டிருந்த மிச்ச வண்டிகளும் 2024 மார்ச் 28-ந் தேதியுடன் நின்றன. உயரப் பாலத்தில் புதிய புறநகர் ரெயில் பாதை அமைப்பதற்காக ஐந்தாண்டு நிறுத்தம் என்று அறிவித்தார்கள். மும்பையில் வி.டி.யை மூடிவிட்டு ஐந்து வருஷம் பொறுங்கள் என்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த வண்டிகள் ஓடிய காலத்தில் தண்டவாளத்தின் மேல் இன்னொரு 'சர்வீஸ்' நடந்தது. மரப் பலகையில் சின்ன இரும்புச் சக்கரம் பொருத்தி, மேலே ஒரு பெஞ்சு, வெயிலுக்கு ஒரு குடை. பத்துப் பேர் ஏறிக்கொள்வார்கள். ரப்பர் செருப்பு போட்ட இளைஞர் பின்னாலிருந்து ஓடிக்கொண்டே தள்ளுவார். எதிரே ரெயில் வந்தால் எல்லோரும் குதித்து இறங்கி, டிராலியைத் தூக்கி ஓரம் வைத்து, ரெயில் போனதும் மறுபடி தண்டவாளத்தில் வைத்து ஏறிக்கொள்வார்கள். சிக்னல் இல்லை, கார்டு இல்லை, டைம் டேபிள் காதில்தான். ஒரே ஒரு தடவை அதில் ஏறிய தமிழர், இறங்கும்வரை முருகனைக் கூப்பிட்டாராம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தென்கிழக்கு ஆசியாவிலேயே முதல் நகர மின்சார உயர்பாதை ரெயில் மணிலாவில்தான் ஓடியது. ஆண்டு 1984. நம் கல்கத்தா மெட்ரோ ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

லோலா படிக்கும் செய்தி

பத்திரிகையில் அரசியலுக்குப் பஞ்சமே இல்லை. 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த மார்கோஸை 1986-ல் ஜனங்கள் தெருவில் இறங்கி விரட்டினார்கள். 2022-ல் அவர் மகனையே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னாள் ஜனாதிபதி டுடெர்டே 2025 மார்ச்சில் கைதாகி நெதர்லாந்தில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டார். இவற்றையெல்லாம் லோலா தலைப்போடு விட்டுவிடுவார். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு தேடுவது வேறு செய்தி: சவூதியில் என்ன, குவைத்தில் என்ன, ஹாங்காங்கில் என்ன, கப்பலில் என்ன.

அந்தத் தெருவில் வெளிநாட்டுச் சம்பளம் வராத வீடு எது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு வீட்டில் கப்பல் மாலுமி, அடுத்த வீட்டில் லண்டனில் நர்ஸ், எதிர் வீட்டில் துபாயில் ஓட்டல் சிப்பந்தி. 1974 மே முதல் தேதி வந்த தொழிலாளர் சட்டத்தின் மூலம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசே முறைப்படுத்தியது. அரபு நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகிய காலம் அது. உள்ளூரில் வேலை உண்டாகும்வரை தற்காலிக ஏற்பாடு என்றார்கள். ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. 2024-ல் வெளிநாட்டிலிருந்து அவர்கள் அனுப்பிய பணம் சுமார் 3,450 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேல் அந்தப் பணம்தான். 1988-ல் ஹாங்காங் சென்ற ஜனாதிபதி கொரசோன் அக்கினோ, அங்கே வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பார்த்து "நீங்கள்தான் புதிய வீராங்கனைகள்" என்றார். அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்றே தனி இலாகாவுக்கு 2021 டிசம்பரில் சட்டம் போட்டார்கள்.

பட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது வேறு விஷயம். ஃப்ளோர் கொந்தெம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண், சக பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்றதாகச் சிங்கப்பூரில் குற்றம் சாட்டப்பட்டு 1995 மார்ச் 17-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். அவர் நிரபராதி என்று நம்பிய பிலிப்பைன்ஸ் நாடே கொதித்தது. வெளிநாட்டு மந்திரி ராஜினாமா செய்தார். வெளிநாடு செல்லும் தொழிலாளரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. அந்தத் தாயின் படத்தை லோலா இன்னும் ஒரு பழைய பத்திரிகைத் துண்டில் வைத்திருக்கிறார்.

மேரி ஜேன் வெலோசோவின் கதை இன்னொன்று. 2010-ல் இந்தோனேஷியாவில் இறங்கியபோது அவர் பெட்டியில் 2.6 கிலோ ஹெராயின் இருந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள் கொடுத்த பெட்டி அது, உள்ளே என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்பது அவர் வாதம். மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் துப்பாக்கி முன் நிறுத்தும் இரவிலே கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். 2024 டிசம்பர் 18-ந் தேதி காலை அவர் நாடு திரும்பினார். வீட்டுக்கு அல்ல, மண்டலூயோங்கில் உள்ள பெண்கள் சிறைக்கு. இரவு வேலை முடிந்து வந்த தமிழர், சிறை இருக்கும் சாலையில் டெலிவிஷன் வண்டிகள் வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். லோலா சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, "பிள்ளைகளாவது பக்கத்தில் வந்து பார்க்கலாமே" என்றாராம்.

வெள்ளிக்கிழமை டெலிபோன்

லோலாவின் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். போவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, கைச்செலவு என்று பணம் தேவைப்பட்டது. பாங்கு கொடுக்கவில்லை. பும்பாய் கொடுத்தார், ஐந்துக்கு ஆறு. முதல் எட்டு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு அந்தத் தலைப்பாகைக்குத்தான் போயிற்று. மாடி அறைக்கு ஆள் வந்தபோது லோலா அந்தக் கேள்வி கேட்டதன் காரணம் இதுதான் என்று தமிழருக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

வெங்காயம் 700 பெசோ விற்ற அதே 2023 ஜனவரியில், குவைத்தில் 35 வயதான பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஒருவரின் எரிந்த உடல் பாலைவனத்தில் கிடந்ததாகச் செய்தி வந்தது. வேலை பார்த்த வீட்டுக்காரரின் மகன், 17 வயதுப் பையன், கைதானான். அதே ஆண்டில் அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் செய்தி வந்த அன்று பெயர் உடனே தெரியவில்லை. ரேடியோவில் வயதை மட்டும் சொன்னார்கள். லோலாவின் மகளுக்கும் அப்போது அதே வயது.

மகளுடைய செல்போனை வீட்டு எஜமானி வாங்கி வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் தருவார். செய்தி வந்த நாளுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடையே மூன்று இரவுகள். மறுநாளே பெயர் வெளியாகிவிட்டது. அது வேறு பெண். ஆனாலும் மகளின் குரலைக் கேட்காமல் லோலா படுக்கைக்குப் போகவில்லை. அந்த மூன்று நாளும் அவர் அடுப்பு மூட்டவில்லை. தமிழர்தான் ஆபீசிலிருந்து வரும்போது பேரனுக்கு ரொட்டி வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை இரவு மணி அடித்தது. லோலா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வந்துவிடு." மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மகள், ஒப்பந்தம் முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது, கூரைத் தகரம் மாற்றிய கடன் பாக்கி, பையனுக்குப் பள்ளிக்கூடம், என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். லோலா கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், "சரி, சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம், முதல் தடவையாகக் குவைத்துக்குப் போகும் வீட்டுவேலைப் பெண்களுக்குப் பிலிப்பைன்ஸ் அரசு அனுமதியை நிறுத்தியது. ஏற்கெனவே அங்கு இருப்பவர்கள் இருந்தார்கள்.

மார்ச்சில் பெட்டி வந்தது. 'பாலிக்பாயான்' பெட்டி என்பார்கள், ஊர் திரும்புகிறவரின் பெட்டி என்று அர்த்தம். ஊர் திரும்ப முடியாதவர்களும் கப்பலில் அனுப்புவது அதைத்தான். இடுப்பு உயர அட்டைப்பெட்டி. சோப்பு, டின் மாமிசம், சாக்லேட், துண்டு, காப்பித்தூள் என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கி, இடைவெளியே இல்லாமல் அடைத்து அனுப்புகிறார்கள். வந்துசேர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். இந்தப் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து சோதிக்கப் போவதாக 2015-ல் ஒரு பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் ஜனாதிபதியே தலையிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

பெட்டியைப் பிரிக்க அண்டை வீட்டார் எல்லோரும் கூடினார்கள். மாடித் தமிழருக்கும் ஒரு சோப்பும் ஒரு துண்டும் வந்திருந்தன. அடியில், செய்தித்தாளில் சுற்றிப் பையனுக்கு ஒரு ஜோடி ஷூ. ஓரத்தில் விளக்கு மின்னும் ஷூ. தாய் புறப்படும்போது பையனின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு எடுத்துப் போயிருந்தார். கொஞ்சம் வளர்ந்திருப்பான் என்று ஒரு அளவு கூட்டித்தான் வாங்கியிருந்தார். அப்படியும் பையனின் கால் உள்ளே போகவில்லை.

அவன் குதிகாலைப் பின்புறத்தின் மேலேயே வைத்து மிதித்துக்கொண்டு நின்றான். லோலா தமிழரிடம் செல்போனைக் கொடுத்து, மகளுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுப்பதற்கு முன் பேரனைத் தோளைப் பிடித்து நேராகத் திருப்பி, முன்பக்கம் மட்டும் தெரியும்படி நிறுத்தினார்.